பிரின்டரில் மிஞ்சியிருந்த இரண்டாவது தாள்

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, மாசி மாதம். ரொறன்ரோவில் ஸ்காபரோ பக்கம் ஒரு உயரமான கட்டடத்தின் பதினோராவது மாடியில் நானும் கணவரும் பதின்மூன்று வயது மகளும் இருந்தோம். வெளியே குளிர் சைபருக்குக் கீழே இருபதைத் தாண்டியிருந்த ஒரு வியாழக்கிழமை. 

அந்த வருடம்தான் வீட்டுக்கு ஒரு கொம்பியூட்டர் வந்திருந்தது. கணவரின் வேலைத்தலத்தில் கழித்துவிட்டது. சமூக நிலையத்தில் பெண்களுக்கு இலவச வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டு, செவ்வாய்க்கிழமைகளில் போகத் தொடங்கினேன். ஜமேக்காவிலிருந்து வந்த ஒரு ரீச்சர் எங்களுக்கு இணையம் பார்க்கும் பிரவுசரை ஒவ்வொரு பொத்தானாகச் சொல்லித் தந்தார். மூலையில் எரிநட்சத்திரங்கள் விழுந்துகொண்டிருக்கும் அந்தப் பிரவுசரை எனக்கு அப்படிப் பிடித்துப்போனது. போன பக்கத்துக்குத் திரும்பி வரலாம், பிடித்த பக்கத்தைக் குறித்து வைக்கலாம், நீளமான பக்கத்தில் ஒரு சொல்லைத் தேடலாம். எந்தப் பக்கத்தை எத்தனை தரம், எத்தனை மணிக்குப் பார்த்தோம் என்று அது ஒரு பட்டியலும் வைத்திருக்கும். அதற்குப் பெயர் ஹிஸ்ட்ரி. எல்லாவற்றுக்கும் மேலாக, அதே பிரவுசருக்குள் இருந்துகொண்டே சொந்தமாக ஒரு வலைப்பக்கம் எழுதலாம். வகுப்பில் அதை முதலில் செய்து முடித்தவள் நான்தான். தலைகால் தெரியாத புளுகம் எனக்கு, அப்படியொரு சந்தோஷம்.

அந்தப் புளுகத்தோடு நான் செய்த முதல் பக்கம் என்ன தெரியுமா? மகளின் சாமத்தியச் சடங்குக்கு அழைப்பிதழ்.

மகள் வயதுக்கு வந்து, பெரியபிள்ளையாகி நாலு மாதமாகியிருந்தது. அந்த வாரச் சனிக்கிழமை பெரிய மண்டபத்தில் விழா. நானூறு பேருக்குச் சொல்லியாயிற்று. லண்டனிலும் ஜெர்மனியிலும் இருக்கும் சொந்தக்காரரும் பார்க்கட்டும் என்று, அவளைச் சேலை கட்டி ஸ்டூடியோவில் எடுத்த படத்தைப் போட்டேன். முழுப் பெயரைப் போட்டேன். விழா என்னத்துக்கு என்பதை ஆங்கிலத்தில் உள்ளது உள்ளபடி எழுதினேன். கீழே மண்டபத்துக்கு வழிகாட்டும் வரைபடம் ஒன்றை நானே கோடு கோடாகக் கீறி வைத்தேன். வரைபடம் பக்கத்தை விட அகலமாகப் போய்விட்டது. அச்சடிப்பதற்கு முன் எப்படி வரும் என்று காட்டும் வசதியும் அந்தப் பிரவுசரில் உண்டு. அதைத் தட்டிப் பார்க்காமல் ஒன்றும் அச்சடிக்க வேண்டாம் என்று ரீச்சர் படித்துப் படித்துச் சொன்னவர். நான் பார்க்கவில்லை. பார்க்காமல் அச்சடித்தபோது வரைபடத்தின் வலது ஓரம் வெட்டுப்பட்டு இன்னொரு தாளில் வந்தது. ஆர் இதை அச்சடிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

பக்கத்தைக் கண்ட மகள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் சமைக்கும்போது வந்து நின்று, “அம்மா, ப்ளீஸ், அதை எடுத்துவிடுங்கோ. எனக்கு இந்தப் பார்ட்டியே வேண்டாம்” என்றாள். நான் சிரித்தேன். வெட்கம் இருக்கத்தானே வேண்டும் என்று பகிடி வேறு பண்ணினேன். அவள் கேட்டது அந்த ஒரு முறைதான்.

அந்த வியாழக்கிழமை காலை வேலை முடிந்து ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். ஒன்று இருபதுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு மகள் வகுப்புக்கு வரவில்லை, வீட்டிலா நிற்கிறாள் என்று அலுவலகப் பெண் கேட்டார்.

“யெஸ், யெஸ். காய்ச்சல்” என்றேன்.

மறைக்க வேண்டும் என்று யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை. மானம் போகப்போகிறது என்றவுடன் வாய் தன்பாட்டில் திறந்து சொல்லிவிட்டது. அவர் கெதியாகச் சுகம் வரட்டும் என்று சொல்லிப் போனை வைத்தார். அதோடு அவளைத் தேடவேண்டிய ஒரு இடம் தேடாமல் விட்டுவிட்டது. போனைக் கையில் பிடித்தபடி நான் அவளுடைய அறைக்குள் போய்ப் பார்த்தேன், குளியலறைக்குள் பார்த்தேன், ஏன் என்று தெரியாமல் உடுப்பு அலுமாரியையும் திறந்து பார்த்தேன். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. 

கணவர் லொறியில் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. அப்போது எங்களிடம் ஏது செல்போன். மாலை வரும்வரை அவரைப் பிடிக்க முடியாது. யோசித்துவிட்டுக் கொம்பியூட்டரைப் போட்டேன். லைன் கீச்சிட்டு இரைந்து ஒருவாறு இணைந்தது. பிரவுசரில் ஹிஸ்ட்ரியைத் திறந்தேன்.

பட்டியலில் முதலாவதாக நின்றது என்னுடைய அழைப்பிதழ்ப் பக்கம். காலை ஏழு ஐம்பத்திரண்டுக்கு, அதாவது நான் வேலைக்குப் போன பிறகு, அவள் அதைப் பார்த்திருந்தாள். அதற்குக் கீழே பஸ் பாதைகள் போட்ட ஒரு பக்கம். அதற்கும் கீழே, முதல் நாள் பின்னேரம், முகம் தெரியாத ஆட்கள் எழுதி எழுதிப் பேசும் அரட்டை அறை ஒன்று.

அந்த அறையைக் கண்டதும் மிச்சம் எதுவும் என் கண்ணில் படவில்லை. எவனோ ஒருவன் நயமாகக் கதைத்து என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்றே தீர்மானித்துவிட்டேன். எங்கே வைத்திருப்பான், என்ன செய்வான் என்று மனம் ஓடிய ஓட்டத்தை எழுத எனக்கு இப்போதும் துணிவில்லை. அவள் அந்த அறையில் கதைத்தது லண்டனில் இருக்கும் மச்சாளோடு என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அந்த எவனோ ஒருவன்தான் சத்தியமான உண்மை. அழைப்பிதழ்ப் பக்கத்தையும் ஒருமுறை தட்டித் திறந்தேன். சேலையில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒன்று முப்பத்தெட்டு.

அப்போதுதான் உறைத்தது, கொம்பியூட்டர் லைனில் நிற்கும்வரை போன் வேலை செய்யாது. எங்கேயாவது ஒரு போன் பூத்தில் நின்று பிள்ளை எடுத்துக்கொண்டிருந்தால்? வயரைக் கொம்பியூட்டரிலிருந்து பிடுங்கி ரெலிபோனில் மாட்டி, பொலிசுக்கு எண்களை அழுத்தினேன். ஒன்பது. ஒன்று. மூன்றாவது எண்ணை அழுத்தவில்லை.

இந்த இடத்தில் நான் ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். பொலிஸ் கார் கீழே வந்து நிற்கும். எங்கள் கட்டடத்தில் மாடிக்கு நாலு வீடு எங்கள் ஆட்கள். சாமத்திய வீட்டுக்கு இரண்டு நாள் இருக்கப் பிள்ளை ஓடிவிட்டது என்று பின்னேரத்துக்குள் நானூறு பேருக்கும் தெரிந்துவிடும். அவள் ஐந்து நிமிடத்தில் கதவைத் தட்டினாலும், அந்தக் கதை மட்டும் அவளுடைய கல்யாணம் வரைக்கும் நிற்கும். இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்போம் என்று போனை வைத்தேன்.

ஐந்து நிமிடம் பத்தானது. பத்து இருபதானது. ஜன்னலடியில் நின்று கீழே போகிற ஒவ்வொரு நீலக் குளிர்க்கோட்டையும் அவள்தான் என்று பார்த்தேன். அவளுடைய கூட்டாளி வீட்டுக்கு எடுத்து, வேறு ஏதோ கேட்பதுபோலச் சுற்றி வளைத்துக் கதைத்தேன். அங்கே ஒன்றும் தெரியவில்லை. ஒருமுறை பக்கத்து வீட்டுக் கதவுவரை போய், தட்டாமல் திரும்பி வந்தேன்.

அந்தப் பக்கத்து வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஐம்பது வயதிருக்கும். இரவு வேலை, பகலில் தூக்கம், சொந்தமாக ஒரு பழைய கார். லிஃப்டில் கண்டால் நாங்கள் எட்டாம் மாடி வருவதற்குள் வீட்டு விண்ணாணம் எல்லாம் விசாரித்து முடித்துவிடுவார். எங்களுக்குள் அவருக்கு வானொலி என்றுதான் பெயர். அந்தக் கட்டடத்தில் நான் பயந்தது பேய்க்கும் இல்லை, கள்ளனுக்கும் இல்லை. அவருடைய வாய்க்குத்தான்.

திரும்பி வந்து கதிரையில் விழுந்தபோது பிரின்டரில் ஒரு தாள் கிடப்பது கண்ணில் பட்டது. எடுத்துப் பார்த்தேன். முழுத் தாளும் வெறுமை. இடது ஓரத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு படம். ஒரு வீதி இடப்பக்கம் திரும்புகிறது, அங்கே ஒரு சதுரம், அதற்குள் நான் எழுதிய மண்டபத்தின் பெயர்.

என்னுடைய வரைபடம். வெட்டுப்பட்ட வலது ஓரம்.

பிள்ளை காலையில் அதை அச்சடித்திருக்கிறாள். முதல் தாளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறாள். பின்னால் இன்னொரு தாள் வரும் என்று அவளுக்குத் தெரியாது. அச்சடிப்பதற்கு முன் பார்க்கும் அந்தப் பொத்தானை அன்றைக்குத்தான் முதல் தடவை தட்டினேன். லைன் இல்லாவிட்டாலும், ஏற்கெனவே திறந்திருந்த பக்கம் அப்படியே இருந்தது. முதல் தாள் எப்படி இருக்கும் என்று திரை காட்டியது. பஸ் நிற்கும் சந்தி இருக்கிறது. அதிலிருந்து வலப்பக்கம் போகும் வீதி இருக்கிறது. அந்த வீதி எங்கேயும் திரும்பாமல் நேரே போய்த் தாளின் விளிம்பில் முடிகிறது.

அது வீடுகள் இல்லாத இடம். பெரிய பெரிய களஞ்சியங்கள், வெறும் காணி, ரயில் பாதை. ஆட்கள் காரில் மட்டும் போகிற வீதிக்கு நடைபாதைகூட இல்லை. அவளுடைய பூட்ஸ் வாசலிலேயே கிடந்ததை அப்போதுதான் கண்டேன். கையுறை இரண்டும் அதற்குள் செருகியிருந்தன. அரட்டை அறைக்காரன் ஒரு நொடியில் மறைந்து போனான். அவனை விடப் பெரிய பயம் வெளியே இருந்த குளிர்.

பக்கத்து வீட்டுக் கதவை இரண்டு கையாலும் அடித்தேன். அக்கா தூக்கக் கலக்கத்தோடு திறந்தார்.

“என்ன பிள்ளை, முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு?”

“அக்கா, மகளைக் காணேல்லை” என்றேன். அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். சொன்னவுடன் அழுகை பீறிக்கொண்டு வந்தது.

“அழுகிறதைக் காருக்கை அழுவம். சப்பாத்தைப் போடும். தடிச்ச போர்வை ஒண்டு எடும். நான் போய்க் காரைச் சூடாக்கிறன்.”

அவ்வளவுதான். இரவு உடுப்புக்கு மேலேயே குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். ஏன், என்ன, ஆரோடு என்று காருக்குள் ஒரு கேள்வி வரும், வரும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். “எந்தப் பக்கம் திரும்ப?” என்பதைத் தவிர வேறொன்றும் அவர் கேட்கவில்லை. வீதி முழுக்க ஐஸ். கார் இரண்டு இடத்தில் வழுக்கியது. அக்கா வாய்க்குள் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டு ஓட்டினார்.

மண்டபத்தின் முன்கதவு பூட்டியிருந்தது. பின்பக்கம் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒருவர், ஒருவரும் வரவில்லை என்றார். நான் அவரிடம், மகளைக் காணவில்லை, பொலிசுக்கு அடியுங்கோ என்று சொல்லி, பெயர், வயது, போட்டிருந்த கோட்டின் நிறம் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு முன் வராத வார்த்தை அப்போது தடையில்லாமல் வந்தது.

“அக்கா, திருப்பம் வேண்டாம். சந்திக்குப் போய் அங்கயிருந்து நேர விடுங்கோ. அவளின்ர தாளில திருப்பமே இல்லை” என்றேன்.

சந்தியிலிருந்து நேரே போனோம். மண்டபத்துக்குத் திரும்பும் சிக்னல் வெளிச்சத்தைத் தாண்டினோம். ரயில் பாலத்தைத் தாண்டினோம். பிறகு இரண்டு பக்கமும் வெள்ளை வெளி. காற்று ஸ்னோவை வாரிக் கண்ணாடியில் அடித்தது. ஓரத்தில் ஒதுக்கிக் குவித்த ஸ்னோவில் காலடி ஏதும் தெரிகிறதா என்று நான் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். காது வலித்தது. எனக்கே இப்படியென்றால் அவளுக்கு எப்படியிருக்கும்? இன்னும் இரண்டு நிமிடம் போய்விட்டு அக்கா திரும்பிவிடுவார் என்று தோன்றியது. திரும்பக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

வீதியோரம் ஒரு லொறிப்பெட்டி தனியே நின்றது. அதன் சில்லுகளுக்கு நடுவில் சிவப்பாக என்னவோ. அவளுடைய புத்தகப் பை.

காற்றுக்கு ஒதுங்கி அந்தப் பெட்டிக்கு அடியில் குந்தியிருந்தாள். காலில் விளையாட்டுக்குப் போடும் சப்பாத்து, நனைந்து இறுகிப்போய். இடது கையைக் கோட்டுக்குள் வைத்திருந்தாள். வலது கையில் அந்தத் தாள். விரல்கள் மெழுகுதிரி மாதிரி வெள்ளையாக இருந்தன. அவள் நடுங்கவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பயமாக இருந்தது. கூப்பிட்டேன். மெல்லக் கண்ணைத் திறந்தாள். நாக்குத் தடித்தவளைப்போல இழுத்து இழுத்துச் சொன்னாள்:

“அம்மா, உங்கட மேப்பில ரோட்டு முடியவே இல்லை.”

அக்காவும் நானும் தூக்கிக் காருக்குள் போட்டோம். அக்கா அவளுடைய சப்பாத்தைக் கழற்றி இரண்டு காலையும் தன் வயிற்றோடு ஒரு நிமிடம் அணைத்து வைத்திருந்தார். பிறகு போர்வையால் சுற்றி என் மடியில் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு விட்ட வேகத்தை இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து உணர்ச்சி திரும்பும்போது அவள் அலறினாள். அந்த அலறல் நல்லது என்றார்கள். மூன்று விரல்களில் கொப்புளம் போட்டது. விரல் நுனிகள் தப்பிவிடும் என்று டொக்டர் சொன்னார். அரை மணித்தியாலம் பிந்தியிருந்தால் தன்னால் அப்படிச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். 

நடந்தது துண்டு துண்டாகத் தெரியவந்தது. புதன்கிழமை பள்ளிக்கூட நூலகத்துக் கொம்பியூட்டரில் வகுப்புப் பிள்ளைகள் சிலர் அவளுடைய பெயரைத் தேடியிருக்கிறார்கள். என் பக்கம் வந்திருக்கிறது. படத்தையும் நான் ஆங்கிலத்தில் எழுதியதையும் அச்சடித்து அவளுடைய லொக்கரில் ஒட்டிவிட்டார்கள். என்னிடம் சொன்னால் நான் சிரிப்பேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் தானே நேரில் போய், மண்டபக்காரரிடம் விழா நடக்காது என்று சொல்லிவிட்டு வரப் புறப்பட்டிருக்கிறாள். அதற்கு என்ன சொல்லவேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதிப் பாடமாக்கியும் வைத்திருந்தாள்.

பக்கத்தை அன்றைக்கே ரீச்சருக்குப் போன் பண்ணி அழிப்பித்தேன். விழாவை நிறுத்தினோம். வருவோருக்கு என்ன சொல்வது என்று நான் தலையில் கைவைத்து இருக்க, பக்கத்து வீட்டு அக்கா போனை எடுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் தானே அடித்து, பிள்ளைக்கு அம்மை, கொப்புளிப்பான் போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டால் எங்கள் ஆட்கள் ஒருவரும் மூன்று கிழமைக்கு அந்த வாசல் பக்கம் வரமாட்டார்கள். உண்மையை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. நாங்கள் அந்தக் கட்டடத்தில் இருந்த இன்னும் ஏழு வருடமும் சொல்லவில்லை. வானொலி என்று பெயர் வைத்த என் வாயை நான் என்ன செய்வது.

இத்தோடு முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பத்து நாள் கழித்து, வலது கையில் கட்டோடு மகள் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். நான் அவளுக்குப் பின்னால் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு பக்கத்தைத் தேடி, இடது கையால் ஹிஸ்ட்ரியைத் திறந்திருக்கிறாள். 

“அம்மா, அண்டைக்கு ஒண்டு முப்பத்தெட்டுக்கே என்ர பக்கத்தைப் பாத்திருக்கிறியள். நீங்கள் வரேக்க மூண்டு மணிக்குக் கிட்ட. இருவது நிமிச ஓட்டம் தானே?”

அந்தப் பட்டியலை ஒரே தட்டில் அழிக்க ஒரு பொத்தான் இருக்கிறது. எனக்குத் தெரியும், வகுப்பில் படித்தது. எனக்கு அது தோன்றவே இல்லை. கார் இல்லை, அப்பாவைப் பிடிக்க முடியவில்லை என்று தொடங்கினேன். அவள் கதிரையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அதற்கு மேல் பொய் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் என்று சொன்னதைச் சொன்னேன். மூன்றாவது எண்ணை அழுத்தாததைச் சொன்னேன். ஆக்கள் என்ன கதைப்பினமோ எண்டு பயந்தனான் என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து யோசித்தாள்.

“அப்ப அந்த நேரம் நீங்கள் எனக்காகப் பயப்படேல்லை, என்ன?” என்று கேட்டாள்.

பயந்தேன், இரண்டுக்கும்தான் பயந்தேன் என்று அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னேன். அது உண்மை. ஆனால் எந்தப் பயம் முன்னுக்கு நின்றது என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்துவிட்டது. இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் விஷயத்தில் எனக்கு எப்போது நெஞ்சு படபடத்தாலும், இது பிள்ளைக்காக வந்த பயமா, ஆட்களுக்காக வந்த பயமா என்று கேட்டுவிட்டுத்தான் நான் அடுத்த அடி எடுத்து வைக்கிறேன்.